ஆவண மரமும் நிகழ்வுகளும்

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரக் காட்டில் அமைந்துள்ள ஊர் அமிர்தி. அங்குள்ள அருவியும், 1967இல் தொடங்கப்பட்ட சிறிய வன உயிரியல் பூங்காவும் சுற்றுலாச் செல்வோர் அறிந்தவை. மலைமடிப்புகள் வானலைகளை மறைக்கும் இத்தகைய ஊர்களில் இணையத் தொடர்பு ஓரிடத்தில் நன்றாக இருக்கும். சற்றுத் தள்ளிச் சென்றால் மெலிந்துவிடும். அத்தகைய ஊரில் வாழும் மாணவி ஒருவர், தம் அண்ணன் பள்ளியில் பெற்ற விலையில்லா மடிக்கணினியைத் திறந்து, ஒரு வலைப்பக்கத்தின் தேடல் பெட்டியில் 'அமிர்தி' எனத் தட்டச்சு செய்கிறார் எனக் கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையில் அப்பெயருக்கு அ, ம, இ, ர, புள்ளி, த, இ என ஏழு விசைகள் வேண்டும்.

ஒவ்வொரு விசைக்கும் உலாவி பொதுவாக மூன்று செய்திகளையேனும் பக்கத்திற்குத் தெரிவிக்கிறது. விசை அழுத்தப்பட்டது என்பது ஒன்று. பெட்டியின் உள்ளடக்கம் மாறியது என்பது மற்றொன்று. விசை விடப்பட்டது என்பது மூன்றாவது. நான்கெழுத்துப் பெயர் ஒன்று முடிவதற்குள் இருபத்தொரு செய்திகள் பிறந்துவிடுகின்றன. இடையில் சுட்டியைச் சிறிது நகர்த்தினால் மேலும் பல சேரும். இச்செய்திகளே நிகழ்வுகள் எனப்படுகின்றன. ஒரு நிகழ்வு வந்தவுடன் இயங்குமாறு நிரலர் எழுதிவைத்திருக்கும் செயற்கூறு, நிகழ்வு கையாளி எனப்படும். கையாளி ஒன்றும் இல்லாத பக்கம் அச்சிட்ட தாளைப் போன்றது. படிக்கலாம், பதில் கிடைக்காது. தேவைக்கு மேல் கையாளிகள் குவிந்த பக்கமோ, பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் திணறும். இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்வுகளைச் சிக்கனமாகக் கையாளும் முறைகள் சிலவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே எடைக்காரர்

ஒரு வலைப்பக்கத்தின் நிரலை இயக்குதல், உறுப்புகள் அமைய வேண்டிய இடத்தைக் கணக்கிடுதல், திரையில் வரைவதற்கு ஆயத்தம் செய்தல் ஆகிய வேலைகளில் பெரும்பகுதியை உலாவி ஒரே இழையில்தான் செய்கிறது. இதனை முதன்மை இழை என்பர். நியாயவிலைக் கடையில் எடை போடுபவர் ஒருவராகவும் வாங்குவோர் பலராகவும் இருக்கும் நிலையோடு இதனை ஒப்பிடலாம். முன்னால் நிற்பவருக்கு அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் அளந்து முடியும்வரை, தீப்பெட்டி ஒன்று மட்டும் கேட்டு வந்தவரும் நின்றே ஆக வேண்டும். நிகழ்வுகளும் அவ்வாறே வரிசையில் நிற்கின்றன. ஒரு கையாளி அரை நொடி எடுத்துக்கொண்டால், அந்த அரை நொடியில் அழுத்திய விசையோ தட்டிய பொத்தானோ கவனிக்கப்படுவதில்லை. பக்கம் 'ஹேங்' ஆகிவிட்டது என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான்.

பெரும்பாலான கணினித் திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. கையாளியின் வேலையும் திரை வரையும் வேலையும் இதற்குள் முடிந்தால் அசைவு வழுக்கிச் செல்வது போலத் தோன்றும். முடியாவிட்டால் தடுக்கித் தடுக்கி நகரும். பத்தில் ஒரு நொடிக்குள் பதில் கிடைத்தால் மனிதர் அதனை உடனடிப் பதிலாகவே உணர்கின்றனர் என்பது, 1968இல் ராபர்ட் மில்லர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக் காலம் முதல் கணினித் துறையில் நிலைபெற்றுள்ள கருத்தாகும்.

நிரலர் தம் பக்கத்தைச் சோதித்துப் பார்ப்பது பெரும்பாலும் புதிய, விரைவான கணினியில். அதனைப் பயன்படுத்துவோர் பலரிடம் இருப்பது பழைய மடிக்கணினி அல்லது விலை குறைந்த திறன்பேசி. முன்னதில் 20 மில்லிநொடியில் முடியும் வேலை பின்னதில் பல மடங்கு நேரம் எடுக்கும். நிரலரின் மேசையில் இக்குறை கண்ணுக்கே தெரியாது.

வேரிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து வேருக்கு

வலைப்பக்கத்தைப் பெற்றவுடன் உலாவி அதனை ஒரு மரமாக அமைத்துக்கொள்கிறது. இதற்கு ஆவணப் பொருள் மாதிரி என்று பெயர். ஆவணம் வேர், அதிலிருந்து தலைப்பகுதியும் உடற்பகுதியும் கிளைக்கின்றன. உடற்பகுதிக்குள் அட்டவணை, அட்டவணைக்குள் வரிசை, வரிசைக்குள் கட்டம், கட்டத்திற்குள் பொத்தான் எனக் கிளைகள் பிரிந்துகொண்டே செல்லும். ஒருவர் பொத்தானைத் தட்டும்போது, தட்டப்பட்டது பொத்தான் மட்டும்தானா? பொத்தான் கட்டத்திற்குள் இருக்கிறது. ஆகவே கட்டமும் தட்டப்பட்டதே. அவ்வாறே வரிசையும், அட்டவணையும், ஆவணமும். இலையைத் தொட்டால் கொம்பும் அசைகிறது. அப்படியாயின், பொத்தானுக்கும் அட்டவணைக்கும் தனித்தனிக் கையாளிகள் இருந்தால் எது முதலில் இயங்க வேண்டும்?

இவ்வினாவுக்கு ஒரு காலத்தில் எதிரெதிரான இரண்டு விடைகள் இருந்தன. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் பத்து நாள்களில் உருவாக்கிய மொழியே ஜாவாஸ்கிரிப்ட். தொடக்கத்தில் ஓர் உறுப்புக்கு ஒரு நிகழ்வு வகையில் ஒரு கையாளியை மட்டுமே இணைக்க முடிந்தது. 1997இல் வெளிவந்த நான்காம் பதிப்பு உலாவிகளில்தான் சிக்கல் தோன்றியது. நெட்ஸ்கேப் நேவிகேட்டர், நிகழ்வு வேரிலிருந்து இலையை நோக்கி இறங்க வேண்டும் என்று கொண்டது. மேலுள்ள உறுப்பு நிகழ்வை முதலில் பற்றிக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ, நீருக்கடியிலிருந்து குமிழி எழுவது போல இலையிலிருந்து வேரை நோக்கி நிகழ்வு எழ வேண்டும் என்று கொண்டது. ஒரே பக்கத்தை இரண்டு உலாவிகளுக்காக இருமுறை எழுத வேண்டிய நிலை நிரலர்க்கு ஏற்பட்டது.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2000ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட பரிந்துரை இவ்வழக்கைத் தீர்த்துவைத்தது. தீர்ப்பு இரு தரப்பையும் ஏற்றுக்கொண்டது. நிகழ்வு முதலில் வேரிலிருந்து இறங்கும். இது பற்றும் கட்டம். பின் இலக்கை அடையும். அதன்பின் அதே வழியில் மேலேறும். இது குமிழியெழும் கட்டம். எந்தக் கட்டத்தில் தம் கையாளி இயங்க வேண்டும் என்பதை நிரலரே முடிவு செய்துகொள்ளலாம். ஆயினும் தீர்ப்பு நடைமுறைக்கு வரக் காலம் பிடித்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இம்முறையை முழுமையாக ஏற்றது 2011இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் உலாவிகளின் வேறுபாட்டை மறைத்து நிரலர்க்குப் பேருதவியாக இருந்தது, ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜேகுவெரி என்னும் நிரல் நூலகம்.

நிகழ்வு மேலேறும் இவ்வியல்பே சிக்கனத்திற்கு வழி திறந்தது.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளும் ஒரு கையாளியும்

தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. அயலகங்களில் வாழும் தமிழ்க் குழந்தைகளும் எழுத்தறிவு பெறுமாறு மழலைக் கல்விப் பாடங்களை அது இணையத்தில் வழங்கிவருகிறது. தொட்டால் ஒலிக்கும் தமிழ் நெடுங்கணக்குப் பக்கம் ஒன்றை ஒரு மாணவர் தாமே உருவாக்க முயல்கிறார் எனக் கருதலாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தைத் தட்டும்போதும் அவ்வெழுத்தின் ஒலி கேட்க வேண்டும்.

முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு கையாளி வைப்பது. பக்கம் திறக்கும்போதே 247 முறை உறுப்பைத் தேடி, 247 முறை கையாளியை இணைக்க வேண்டும். மற்றொரு வழி, கட்டங்கள் அனைத்தையும் தன்னுள் கொண்ட அட்டவணைக்கு ஒரே ஒரு கையாளியை வைப்பது. எந்தக் கட்டத்தைத் தட்டினாலும் நிகழ்வு குமிழி போல எழுந்து அட்டவணையை அடைந்தே தீரும். தட்டப்பட்ட உறுப்பு எது என்னும் குறிப்பு நிகழ்வோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு இலக்கு என்று பெயர். கையாளி அவ்விலக்கைப் பார்த்து 'ழ' என்றோ 'ஞௌ' என்றோ அறிந்து, உரிய ஒலியை எழுப்பும். ஊர்வாயிலில் நிற்கும் ஒரு காவலர், வருபவரைக் கேட்டு எந்த வீட்டுக்கு என்று அறிந்துகொள்வதால் வீட்டுக்கு ஒரு காவலர் தேவைப்படாமற்போவது போன்றது இது. இம்முறையை நிகழ்வுப் பொறுப்பளிப்பு எனலாம்.

இம்முறையின் பயன் சில நூல்களில் மிகைப்படுத்திக் கூறப்படுகிறது. இக்காலக் கணினி எதுவும் 247 கையாளிகளால் நிலைகுலைந்துவிடாது. கட்டங்கள் ஆயிரக்கணக்கில் பெருகும்போதும், நினைவகம் குறைந்த திறன்பேசிகளிலும்தான் அவ்வேறுபாடு உணரப்படும். பொறுப்பளிப்பின் உண்மையான வலிமை வேறோரிடத்தில் இருக்கிறது. அது மாறிக்கொண்டேயிருக்கும் பட்டியல்களில் வெளிப்படுகிறது.

தமிழ்நாட்டில் பொறியியல் மாணவர் சேர்க்கைக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவர்கள், நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து தமக்கு விருப்பமான கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தித் தர வேண்டும். இத்தகைய விருப்பப் பட்டியல் ஒன்றை வடிவமைப்பதாக எண்ணிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். மாணவர் ஒரு கல்லூரியைச் சேர்க்கிறார். புதிய வரிசை தோன்றுகிறது. அதில் 'மேலே', 'கீழே', 'நீக்கு' என்னும் பொத்தான்கள் உள்ளன. பக்கம் திறந்தபோது அவ்வரிசையே இல்லை. ஆகவே அப்போது இணைக்கப்பட்ட கையாளி எதுவும் அதற்குக் கிடைக்காது. வரிசை தோன்றுந்தோறும் கையாளிகளை மறவாமல் இணைக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்தால், பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் பொத்தான், தட்டினால் ஊமையாக நிற்கும். நிரலில் வரிசையைச் சேர்க்கும் பகுதி இருமுறை இயங்கிவிட்டால் இரண்டு கையாளிகள் சேர்ந்துவிடும். 'மேலே' என்று ஒருமுறை தட்டினால் கல்லூரி இரண்டு படி ஏறிவிடும். தம் முன்னுரிமை தவறான வரிசையில் பதிவானதை மாணவர் கவனியாமல் உறுதி செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பட்டியல் முழுவதற்கும் ஒரே கையாளி என்றால், நேற்று வந்த வரிசைக்கும் இப்போது வந்த வரிசைக்கும் வேறுபாடு இல்லை. யாவும் ஒரே வாயில் வழியாகவே வருகின்றன.

பொறுப்பளிப்பில் சில நுட்பங்களை அறிந்திருத்தல் வேண்டும். பொத்தானுக்குள் ஒரு சிறு படம் இருந்து, விரல் அப்படத்தின்மேல் பட்டால், இலக்காக வருவது படமே, பொத்தான் அன்று. கையாளி அவ்விலக்கிலிருந்து மேல்நோக்கிச் சென்று, அதனைத் தாங்கும் பொத்தானைக் கண்டறிய வேண்டும். எல்லா நிகழ்வுகளும் மேலேறுவதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. உள்ளீட்டுப் பெட்டியில் கவனம் குவிவதைத் தெரிவிக்கும் 'ஃபோகஸ்' என்னும் நிகழ்வு குமிழியாக எழாது. அதே பொருளில் மேலெழும் 'ஃபோகஸ்இன்' என்னும் வேறு நிகழ்வைப் பயன்படுத்த வேண்டும். மேலும், நிகழ்வு மேலேறுவதை இடையில் நிறுத்திவிடும் கட்டளை ஒன்று உண்டு. ஒரு நிரலர் தம் வசதிக்காகக் கீழே அதனை எழுதிவைத்தால், மேலே காத்திருக்கும் மற்றொருவரின் கையாளிக்குச் செய்தியே போய்ச் சேராது. பலர் சேர்ந்து உருவாக்கும் தளங்களில் கண்டறிவதற்கு அரிய பிழைகளுள் இதுவும் ஒன்று.

ஓயாத நிகழ்வுகள்

தட்டுதல் எப்போதோ நிகழ்வது. பக்கத்தை உருட்டுதல், சுட்டியை நகர்த்துதல், விரலை இழுத்தல் ஆகியவை அப்படியல்ல. அவை மழைத்துளிகளைப் போல இடைவிடாமல் வருகின்றன. இங்கே கையாளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் பயனில்லை. ஒரே கையாளி எத்தனை முறை இயங்குகிறது என்பதே கணக்கு.

2011ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ட்விட்டர் தளத்தில், பக்கத்தை உருட்ட உருட்ட அது மேன்மேலும் மந்தமாவதைப் பலரும் உணர்ந்தனர். பக்கத்தின் அடியை நெருங்கியதும் புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவரும் வசதி அதில் இருந்தது. அடியை நெருங்கியாயிற்றா என்று பார்க்க, உருட்டல் நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் கையாளி இயங்கியது. இயங்கும்போதெல்லாம் ஆவண மரத்தில் ஓர் உறுப்பைப் புதிதாகத் தேடியது. பதிவுகள் பெருகப் பெருக மரமும் பெருத்தது, தேடலும் நீண்டது. இதனை ஆராய்ந்து எழுதிய ஜான் ரெசிக் கூறிய தீர்வு எளியது. உருட்டல் நிகழ்வு வந்தால் கையாளி எதனையும் தேடாமல் 'உருட்டப்பட்டது' என ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துவிட்டு விலக வேண்டும். 250 மில்லிநொடிக்கு ஒருமுறை இயங்கும் வேறொரு பகுதி, அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் வேலையைச் செய்ய வேண்டும். ஒருமுறை கண்டறிந்த உறுப்பை மீண்டும் மீண்டும் தேடாமல் ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் கூறியதே.

நிகழ்வுகள் எத்தனை வந்தாலும் குறித்த இடைவெளியில் ஒருமுறை மட்டும் வேலை செய்யும் இம்முறையை நிரலர்கள் 'த்ராட்டில்' என்பர். திரையில் ஏதேனும் ஒன்றை நகர்த்துவது மட்டுமே வேலையாயின், அடுத்த காட்சி வரையப்படுவதற்குச் சற்று முன் தன்னை அழைக்குமாறு உலாவியிடமே கேட்டுக்கொள்ளும் வழியும் இருக்கிறது. ஒரு காட்சிக்குள் பத்து முறை இடம் மாற்றினாலும் கண்ணுக்குத் தெரிவது கடைசி இடம் ஒன்றுதானே.

விரலால் உருட்டுவதில் மறைவான தடை ஒன்றும் உண்டு. தொடு நிகழ்வைக் கையாளும் நிரல், 'இதனை உருட்டலாகக் கொள்ளாதே' என்று உலாவியைத் தடுக்க உரிமை பெற்றது. அவ்வாறு தடுக்குமா, தடுக்காதா என்பது கையாளி இயங்கி முடிந்த பின்னரே தெரியும். எனவே, தடுக்கும் எண்ணமே இல்லாத கையாளிக்காகவும் உலாவி காத்திருந்தது. விரல் நகர்ந்தும் பக்கம் நகரவில்லை. 'இக்கையாளி தடுக்காது' என்று முன்கூட்டியே உறுதியளிக்கும் வசதி 2016இல் குரோம் உலாவியில் வந்தது. அடுத்த ஆண்டிலேயே, ஆவணத்தின் மேல்நிலை உறுப்புகளில் வைக்கப்படும் தொடு கையாளிகள் அவ்வுறுதியை அளித்தனவாகவே குரோம் கருதத் தொடங்கியது.

தமிழ் உள்ளீட்டில் எழும் சிக்கல்

அமிர்தி என்னும் சொல்லை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யும்போதே பொருத்தமான பெயர்களைக் கீழே காட்டும் தேடல் பெட்டிகள் இன்று எங்கும் உள்ளன. உள்ளீடு மாறுந்தோறும் வழங்கிக்கு ஒரு வினா அனுப்பினால், அ, அம, அமி, அமிர, அமிர், அமிர்த, அமிர்தி என ஏழு வினாக்கள் செல்லும். தட்டச்சு செய்பவருக்கு வேண்டியது ஏழாவதன் விடை மட்டுமே. இணையத் தொடர்பு மெலிந்த இடத்தில், வேண்டாத ஆறும் வேண்டிய ஒன்றின் வழியை அடைத்துக்கொள்கின்றன.

அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. அனுப்பிய வரிசையிலேயே விடைகள் திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. 'அமிர்தி' என்பதன் விடை முதலில் வந்து, 'அமிர்த' என்பதன் விடை சுற்றி வளைத்துப் பின்னர் வந்தால், பின்னது முன்னதன்மேல் எழுதப்பட்டுவிடும். பெட்டியில் இருப்பது அமிர்தி. கீழே காட்டப்படுவது அமிர்தசரஸ். ஜவ்வாது மலை அடிவாரத்தைத் தேடியவர் பஞ்சாபில் போய் நிற்பார்.

இதற்கு இரண்டு காப்புகள் தேவை. முதலாவது, கடைசி விசைக்குப் பின் சிறிது நேரம், எடுத்துக்காட்டாக 300 மில்லிநொடி, புதிய விசை ஏதும் வராவிட்டால் மட்டும் வினாவை அனுப்புதல். இதனை 'டிபவுன்ஸ்' என்பர். பேசுபவர் வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுத்திருந்து விடை கூறும் பண்பு போன்றது இது. இரண்டாவது, புதிய வினா புறப்படும்போது பழைய வினாவைக் கைவிடுதல். அதன் விடை பிந்தி வந்தாலும் ஏற்காதிருத்தல்.

தமிழில் எழுதுவோர் எதிர்கொள்ளும் சிக்கல் இத்துடன் நிற்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து. தமிழில் அப்படியில்லை. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 முறையில் மகரமும் இகரமும் சேர்ந்தே 'மி' ஆகின்றன. ஒலிபெயர்ப்பு முறையில் எழுதும்போதோ, ஆங்கில எழுத்துகள் சில சேர்ந்த பின்னரே தமிழ்ச் சொல் உருவாகிறது. எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும் நிலையை உலாவி 'கம்போசிஷன்' என்னும் தனி நிகழ்வுகளால் தெரிவிக்கிறது. தொடங்கியது, மாறியது, முடிந்தது என அவை மூன்று. சீனம், சப்பான், கொரிய மொழியினருக்காக வகுக்கப்பட்ட இவை தமிழுக்கும் உதவுகின்றன. ஆனால் விசை அழுத்த நிகழ்வை மட்டுமே நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் பல. ஆண்ட்ராய்டு திறன்பேசியின் திரை விசைப்பலகையில் எந்த விசையை அழுத்தினாலும், அந்நிகழ்வு பெரும்பாலும் 229 என்னும் ஒரே எண்ணையே தருகிறது. எந்த எழுத்து என்பதை அதனைக் கொண்டு அறிய முடியாது. விசையைக் கேளாமல், பெட்டியின் உள்ளடக்கம் மாறியதைத் தெரிவிக்கும் 'இன்புட்' நிகழ்வைக் கேட்பதே தமிழுக்கு ஏற்ற வழி.

கையாளி செய்யும் சரிபார்ப்பிலும் கவனம் வேண்டும். ஒருங்குறியில் 'அமிர்தி' என்பது அ, ம, இகரக் குறி, ர, புள்ளி, த, இகரக் குறி என ஏழு குறியீடுகளாக அமைகிறது. இலக்கணப்படி எழுத்து நான்கு. பெட்டியின் நீள வரம்பு எண்ணுவதோ ஏழு. மேலும், ஒருங்குறி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்து என்று வகைப்படுத்தாமல் குறி என்று வகைப்படுத்தியுள்ளது. 'பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம்' என்று கண்டிப்புடன் எழுதப்பட்ட கையாளி, ஒவ்வோர் உள்ளீட்டு நிகழ்விலும் குறிகளை நீக்கிக்கொண்டே சென்றால், அமிர்தி 'அமரத' ஆகிவிடும். விரைவாக இயங்கும் கையாளிதான். ஆயினும் தமிழ் அறியாத கையாளி.

இரண்டாம் தட்டு

2007இல் ஐஃபோன் வெளிவந்தபோது, திரையை இருமுறை தட்டினால் பக்கம் பெரிதாகும் வசதி அதில் இருந்தது. ஒருமுறை தட்டியவர் மறுமுறையும் தட்டுவாரா என்று அறிய, உலாவி ஏறத்தாழ 300 மில்லிநொடி காத்திருந்த பின்னரே பொத்தானுக்குச் செய்தி சொன்னது. பிற தொடுதிரை உலாவிகளும் இவ்வழக்கத்தைப் பின்பற்றின. திறன்பேசிக்கென வடிவமைத்த பக்கங்களுக்கு இக்காத்திருப்பு வேண்டாம் என்று 2014இல் குரோம் நீக்கிவிட்டது. உலாவி தந்த தாமதம் இவ்வாறு போயிற்று. நிரலர் தரும் தாமதம் மிஞ்சியிருக்கிறது.

விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் பக்கம் ஒன்றில் 'சமர்ப்பி' என்பதைத் தட்டியவுடன் கையாளி படிவத்தின் எல்லாப் பெட்டிகளையும் சரிபார்க்கத் தொடங்குகிறது, படத்தைச் சுருக்குகிறது, பின்னரே திரையில் மாற்றம் காட்டுகிறது என்றால், மெதுவான திறன்பேசியில் ஓரிரு நொடி எதுவும் நிகழாதது போலத் தோன்றும். கடைசி நாளன்று விண்ணப்பிக்கும் மாணவர் பதற்றத்தில் மீண்டும் தட்டுவார். அந்த இரண்டாம் தட்டு தொலைந்து போவதில்லை. வரிசையில் நின்று, முதல் வேலை முடிந்ததும் தன் முறையைப் பெற்றுக்கொள்கிறது. ஒரே விண்ணப்பம் இருமுறை செல்கிறது.

கையாளி முதலில் செய்ய வேண்டியது, பொத்தானைச் செயலற்றதாக்கி 'அனுப்பப்படுகிறது' என்று காட்டுவது. அதன்பின் உலாவிக்குத் திரையை வரைய இடம் விட்டு, கனமான வேலையைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்யலாம். படம் சுருக்குவது போன்றவற்றை முதன்மை இழைக்கு வெளியே இயங்கும் 'வெப் வொர்க்கர்' என்னும் துணை இழைக்கு அனுப்பலாம். இவ்வளவும் செய்த பின்னும் தொடர்பு அறுந்து மாணவர் பக்கத்தைப் புதுப்பித்து மீண்டும் அனுப்பக்கூடும். எனவே ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் தனி அடையாள எண் தந்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் வழங்கி ஏற்காதவாறு அமைப்பதும் இன்றியமையாதது. கட்டண விவகாரத்தில் உலாவியின் பக்கக் காப்பை மட்டும் நம்புவது போதாது.

தட்டியதற்கும் திரையில் மாற்றம் தெரிவதற்கும் இடைப்பட்ட நேரத்தை, வலைத்தளத் தர மதிப்பீட்டின் முதன்மை அளவுகளுள் ஒன்றாகக் கூகுள் 2024 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. 200 மில்லிநொடிக்குள் இருந்தால் நன்று. 500 மில்லிநொடியைத் தாண்டினால் மோசம். இவ்வளவு சராசரியைக் கணக்கிடுவதில்லை; ஒருவர் பக்கத்தில் இருந்த நேரம் முழுவதிலும் ஏறத்தாழ மிக மந்தமாக அமைந்த தொடர்பாடல் எதுவோ அதனையே எடுத்துக்கொள்கிறது.

பள்ளிக் கணினி ஆய்வகத்திலும் இதனை அளந்து பார்க்கலாம். குரோம் உலாவியில் நிரலர் கருவிப் பெட்டியைத் திறந்து, கணினியின் வேகத்தை நான்கு மடங்கோ ஆறு மடங்கோ குறைத்தது போலவும், இணைய இணைப்பு மெலிந்தது போலவும் அமைத்துக்கொள்ள முடியும். அந்நிலையில் பதிவைத் தொடங்கி, தாம் உருவாக்கிய பக்கத்தின் பொத்தானை ஒருமுறை தட்டினால், எந்தக் கையாளி எத்தனை மில்லிநொடி எடுத்தது என்பது வண்ணப் பட்டைகளாக விரிகிறது. 50 மில்லிநொடிக்கு மேல் நீண்ட வேலைகளை அக்கருவி சிவப்புக் குறியிட்டுக் காட்டுகிறது.